கிடங்குச் சாவியும் மானமும்

(கெங்கவல்லியில் விவசாயிகளும் கிடங்குத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கிடங்குகளில் இருந்துகொண்டு அவைகளை நிர்வகிக்கின்ற மானேஜர்களைப் பற்றி இன்று பேசவேண்டுமென்று நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். "கிடங்கு மானேஜருக்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் நிரம்ப உண்டு என்பதே நமது அபிப்பிராயம். ஒருவரை மனிதராக மதித்து வேலை வாங்கினால் என்ன ஆகும், திருடராக நினைத்து வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் காட்டக்கூடிய இடம் கிடங்கு. நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. கண்டதையும், தப்புச் செய்து கற்றதையுமே சொல்லப் போகிறோம். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள்.

இந்தக் கெங்கவல்லிப் பக்கத்தில் சுவேத நதிப் பாய்ச்சலில் நெல்லும், மேட்டாங்காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியும் விளைகின்றன. அறுத்த உடனே எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க ஓடினால் விலை விழுகின்றது. வைத்து விற்பதற்கு இடம் வேண்டும். இதை உத்தேசித்தே, கிராமக் கடன் நிலையை ஆராய்ந்த கமிட்டி 1954-இல் பொதுக் கிடங்குகள் வேண்டுமென்று சொல்லிற்று. 1956-இல் சட்டம் வந்தது. 1957-இல் மத்தியக் கிடங்குக் கழகமும், சென்னை ராஜ்யமாக இருந்த நமது நாட்டில் 1958-இல் மாநிலக் கிடங்குக் கழகமும் ஏற்பட்டன. பிறகு 2007-இல் செய்த சட்டத்தால், பதிவு பெற்ற கிடங்கு கொடுக்கின்ற ரசீதை வைத்துப் பாங்கியில் கடன் வாங்குவது இன்னும் சுலபமாயிற்று.

அந்த ரசீது என்பது என்ன? "உன் பொருள் இன்ன எடையில், இன்ன தரத்தில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றது" என்று ஒருவர் எழுதிக் கொடுக்கும் வார்த்தை. பாங்கிக்காரர் மூட்டையைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. அந்த வார்த்தையை நம்பியே கொடுக்கின்றார். ஆகவே, சட்டமும் கழகமும் எவ்வளவு பெரியவைகளானாலும், கடைசியில் அத்தனையும் சாவி வைத்திருக்கும் அந்த ஒருவருடைய அறிவிலும் நாணயத்திலும் வந்து நிற்கின்றன. அப்படிப்பட்டவரை நாம் எப்படி வைத்திருக்கின்றோம்?

இதற்கு நம்முடைய தப்பையே உதாரணமாகச் சொல்லுகிறோம். பல வருஷங்களுக்கு முன், ஒரு தனி முதலாளியின் கிடங்கில் மானேஜராக இருந்த ஒருவர் 10 டன் மக்காச்சோளம் வாங்கி வைத்தார். சில மாதம் கழித்து நிறுத்தபோது 460 கிலோ குறைந்தது. ஐம்பது கிலோ மூட்டையில் ஒன்பது மூட்டைக்கு மேல்! முதலாளி சுமைக்காரர்கள் எதிரிலேயே அவரைத் திருடன் என்றார். நியாயம் பேசுவதாக நினைத்துக் கொண்டிருந்த நாமும், விசாரியாமல், டீக்கடையில் நாலு பேர் நடுவில் அதையே சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. வேலையை விட்டு ஊரையும் விட்டுப் போய்விட்டார்.

பிறகு வேறொரு கிடங்கில் ஒரு குமாஸ்தா நமக்குக் கணக்குக் கற்றுக் கொடுத்தார். நீங்களும் போட்டுப் பாருங்கள். 100 கிலோ சோளத்தில் ஈரம் 17 பங்கு என்றால், தண்ணீர் 17 கிலோ. சோளம் 83 கிலோ. அதைக் களத்தில் காயவைத்து ஈரம் 13 பங்காகக் குறைந்துவிட்டால், அந்த 83 கிலோ மொத்தத்தில் நூற்றுக்கு 87 பங்கு ஆகும். அப்போது மொத்த எடை 95 கிலோ 400 கிராம்தான். மீதி 4 கிலோ 600 கிராம் எங்கே? வெயில் குடித்துவிட்டது! பத்து டன்னுக்கு 460 கிலோ. அந்த மனிதர் ஒரு மணியும் எடுக்கவில்லை. ஈரமாக வந்த சோளத்தைப் பொறுப்பாகக் காயவைத்தார். அதுதான் அவர் செய்த குற்றம். பகுத்தறிவு பேசிய நாம் ஒரு பெருக்கல் கணக்குப் போடத் தவறியதால் ஒரு யோக்கியருடைய மானம் போயிற்று. இதை இந்த மேடையிலேயே ஒப்புக் கொள்ளுகிறோம்.

நிற்க, இதில் இன்னொரு வேடிக்கையைக் கவனியுங்கள். அவர் காயவைக்காமல் சோம்பேறியாக இருந்திருந்தால் எடை அப்படியே இருந்திருக்கும். நல்ல பெயரும் கிடைத்திருக்கும். சோளம் மாத்திரம் பூஞ்சணம் பிடித்திருக்கும். இன்னும் ஒரு படி கீழே இறங்கிய அயோக்கியனாக இருந்தால், நாலு மூட்டையைத் திருடி விற்றுவிட்டு, மற்ற மூட்டைகள் மேல் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டியிருப்பான். எடையை மாத்திரம் பார்த்து மனிதனை அளக்கும் முதலாளி, யோக்கியனைத் துரத்தி அயோக்கியனை வளர்க்கிறான் என்பதற்கு இதைவிட வேறென்ன ருஜு வேண்டும்?

பூஞ்சணத்தை அற்பமாக நினைக்காதீர்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று கண்டார்கள். அந்த நஞ்சுக்கு அப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரச் சோளத்திலும் அது உண்டாகும். நமது சோளத்தை நாமக்கல் கோழிப் பண்ணைகள் தீவனமாக வாங்குகின்றன. ஆகவே இங்கே ஒரு மானேஜருக்குக் கற்பிக்காமல் விட்டால், நஷ்டம் கெங்கவல்லியோடு நிற்காது.

மானேஜர் தப்புச் செய்தால் முதலாளிமார் சொல்லும் சமாதானம் என்ன? "அவன் பிறவி அப்படி, அந்த ஜாதியே அப்படித்தான்" என்கிறார்கள். நாணயமும் திறமையும் பிறப்பில் வருவதானால், ஈரப்பதமானியைப் பார்க்கத் தெரிந்த குழந்தை எந்த ஜாதியில் பிறந்திருக்கின்றது, சொல்லுங்கள்! எல்லாம் கற்றுக் கொடுத்து வருவதுதான். கற்றுக் கொடுக்கச் செலவு செய்யாதவர்களோ, வாசலில் பூசணிக்காய் கட்டுகிறார்கள். ஆயுத பூசையன்று தராசுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். அது சரியாக நிறுக்கின்றதா என்று படிக்கல்லை வைத்து ஒரு தரம் சோதிப்பதில்லை. எலிப் பொந்தை அடைக்காத பூசணிக்காய் எலிக்குப் பயப்படுமா?

ஆகவே செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, கற்பிக்க வேண்டும். ஈரம் பார்ப்பது, மூட்டையைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஆள் நடந்து பார்க்க இடம் விடுவது, முன்னே வந்ததை முன்னே அனுப்புவது, வண்டு வந்ததா என்று பார்ப்பது, இவைகளை வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே சொல்லித்தர வேண்டும். புகைமூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வருவது வண்டை மட்டுமல்ல, மனிதனையும் கொல்லும் விஷவாயு. அதைப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டுதான் போடவேண்டும். தெரியாதவன் கையில் கொடுப்பது கொலைக்குச் சமானம்.

இரண்டாவது, அதிகாரம் கொடுக்க வேண்டும். "இது ஈரமாக இருக்கின்றது, காயவைத்துக் கொண்டு வாருங்கள்" என்று ஒரு மானேஜர் சொன்னால், பெரிய மிராசுதார் முதலாளிக்குப் போன் செய்கிறார். உடனே "எடுத்துக்கொள்" என்று உத்தரவு வருகின்றது. பிறகு கெட்டால் பொறுப்பு மட்டும் மானேஜருக்கு! அதிகாரமில்லாத பொறுப்புக்கு அடிமைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

மூன்றாவது, வரும்போதும் போகும்போதும் எடையோடு ஈரத்தையும் எழுதி, கணக்குப் போட்டு, அதற்கு மேல் குறைந்தால் மட்டுமே கேள்வி கேட்க வேண்டும். கேட்பதையும் தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பாராட்டுவதை நாலு பேர் எதிரில் செய்ய வேண்டும். இன்று இரண்டும் தலைகீழாக நடக்கின்றன.

நான்காவது, ஓய்வும் உயர்வும் வேண்டும். அமெரிக்காவில் 1960-களில் வீட்டுச் சாமான்களை மாத வாடகைக்கு வைக்கும் கிடங்குகள் தோன்றின. இப்போது சென்னை, பெங்களூர் போன்ற பட்டணங்களிலும் வந்திருக்கின்றன. அங்கே மானேஜர் குடும்பத்தோடு கிடங்கிலேயே குடியிருக்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. இரவும் பகலும் கதவருகில் இருப்பவருக்கு வார ஓய்வும், மாற்றாளும் இல்லாவிட்டால் வீடே சிறையாகிவிடும். அன்றியும், மூட்டை தூக்குகிறவர் எடை எழுதுபவராகவும், எடை எழுதுபவர் மானேஜராகவும் வர வழியிருக்க வேண்டும். அவர் ஆணானாலும் பெண்ணானாலும் ஒன்றே. ஏறுவதற்குப் படியே இல்லாத இடத்தில், "ஏன் உற்சாகமில்லை?" என்று கேட்பது மடத்தனம்.

கடைசியாக, இங்கு வந்திருக்கும் மானேஜர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே உள்ளவர் உங்களை "டேய்" என்றால் உங்களுக்கு எரிகின்றது. நீங்கள் சுமைக்காரரை எப்படி அழைக்கிறீர்கள்? ஒற்றை மூட்டையோடு வரும் சிறு குடியானவரை எவ்வளவு நேரம் வெயிலில் நிற்க வைக்கிறீர்கள்? மேலே கேட்கும் மரியாதையைக் கீழே கொடுக்காதவருக்கு, அதைக் கேட்க யோக்கியதை இல்லை.

தோழர்களே, அந்த 460 கிலோ சோளத்துக்காக ஊரை விட்டுப் போனவர் இப்போது எங்கிருக்கின்றார் என்று நமக்குத் தெரியாது. தேடினோம், கிடைக்கவில்லை. ஆகவே உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக் கொள்ளுகிறோம். இனி உங்கள் ஊர்க் கிடங்கில் எடை குறைந்தது என்று யாராவது சொன்னால், திருடன் என்று வாயைத் திறக்குமுன் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுங்கள். கணக்குப் போட்ட பின்பும் குறைந்தால் தாராளமாகக் கேளுங்கள்.