ஒரு கிருமியின் பாடபேதங்கள்

1986 பிப்ரவரியில் ஓர் இரவு. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா காட்பாடிக்கு ரயில் ஏறுகிறார். துணைக்குக் கணவர். கையில் ஒரு சிறு பெட்டி. பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்துப் பாதுகாத்த ரத்த மாதிரிகள் அதில் இருக்கின்றன. அங்கிருந்து வேலூர் போய், சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது அவற்றில் ஆறு மஞ்சளாக மாறின; தொற்று இருப்பதற்கான அடையாளம் அது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆய்வைச் செய்யச் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன்.

சரி, இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? அதைக் கிருமியே சொல்கிறது.

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஏடெழுதியவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் அதே பிழை வரும். இப்படி வந்த பாடபேதங்களை ஒப்பிட்டுத்தான் எந்த ஏடு எதிலிருந்து வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டார்கள். ஹெச்.ஐ.வி.யும் சுமார் பத்தாயிரம் எழுத்துள்ள ஒரு சுவடிதான். அதைப் படியெடுக்கும் நொதிக்கு எழுதியதைத் திருத்திப் பார்க்கும் பழக்கம் கிடையாது. மருந்து எடுக்காதவர் உடலில் ஒரு நாளில் கோடிக்கணக்கான படிகள் உருவாகின்றன. பிழைகளும் கூடவே பெருகுகின்றன.

அந்தப் பிழைகளைப் பின்னோக்கிப் படித்தவர்கள், உலகெங்கும் பரவிய வகையின் தொடக்கம் 1920ஆம் ஆண்டையொட்டி ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரம் என்று 2014இல் கணித்தார்கள். அங்கிருந்து ஆற்று வழியிலும் ரயில் வழியிலும் போன கிருமி பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றில் 'சி' என்ற கிளைதான் உலகத் தொற்றில் ஏறக்குறைய பாதி. இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இதுவே. தென்னாப்பிரிக்கப் பகுதியில் காணப்படும் 'சி' வகைக்கு நெருங்கிய உறவு இது.

மணிப்பூரில் கதை வேறு. அங்கே போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடம் தாய்லாந்துப் பக்கத்து 'பி' வகையும் பரவியது. இரண்டு வகையும் ஒரே உயிரணுவில் நுழைந்தால், பாதி இந்த ஏட்டிலிருந்தும் பாதி அந்த ஏட்டிலிருந்தும் எழுதிய கலப்பு வகை பிறக்கும். மணிப்பூர், மியான்மர், சீனாவின் யுன்னான் பகுதிகளில் இப்படிப்பட்ட கலப்புகள் கிடைத்திருக்கின்றன.

நம்மிடையே உள்ள 'சி'யும் சும்மா இருக்கவில்லை. கிருமி பெருகுவதை முடுக்கிவிடும் பொத்தான்கள் மற்ற வகைகளில் பெரும்பாலும் இரண்டு இருக்கும், 'சி'யில் மூன்று. நான்கு உள்ள வகை இந்தியாவில் கூடிவருவதை பெங்களூரு ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு 2012இல் வெளியிட்டது.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பெருகினால்தான் கிருமி மாறும். ஒரே மருந்தென்றால் ஓர் எழுத்துப் பிழையிலேயே கிருமி தப்பித்துவிடலாம். மூன்று மருந்துகள் சேர்ந்தால், ஒரே நேரத்தில் பல பிழைகள் சரியாக அமைய வேண்டும். அது மிகவும் அரிது. ஆனால் மாத்திரையை இரண்டு நாள் போட்டு நான்கு நாள் விட்டால், கிருமிக்கு மறுபடியும் எழுத்தாணியை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

2004 ஏப்ரல் முதல் தேதி அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. தொடங்கிய இடங்களில் நம் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. தினமும் தவறாமல் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி சோதனையில் தட்டுப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியே அது இன்னொருவருக்குப் பரவுவதில்லை.

கிருமியின் வம்சாவளியை வைத்து எந்த ஊரையும், எந்த மனிதரையும் குற்றம் சொல்ல முடியாது. அது மனிதர்கள் போன வழியிலெல்லாம் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெட்கத்துக்கும் ஏச்சுக்கும் பயந்து ஒருவர் மருந்து வாங்க வராமல் போனால், அங்கேதான் அடுத்த பாடபேதம் எழுதப்படுகிறது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் தலைநிமிர்ந்து மருந்து வாங்கிவர வழிவிடுங்கள்.