பள்ளக் காணியை உயர்த்த எவ்வளவு மண் வேண்டும்?



மாரிக்கு முன் பள்ளமான தோட்டக் காணியை மண்ணிட்டு உயர்த்த எண்ணுவோர், கண்மதிப்பை நம்பி மண் வாங்குதல் தகாது. மண் குறைந்தால் மிளகாயும் வெங்காயமும் நீரில் நின்று வேரழுகும்; மிகுந்தால் கைப்பணம் வீணாகும்.

நான்கு மூலைகளிலும் முளையடித்து, நீர்மட்டக் குழாயால் மட்டம் பார்த்து, நிலம் உயரவேண்டிய அளவில் மூலைக்கு மூலை கயிறு கட்டுங்கள். மூலைகளிலும் நடுவிலும் கயிற்றிலிருந்து நிலம் வரையுள்ள ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவை 4, 5, 6, 7, 8 அங்குலமாயின், சராசரி 6 அங்குலம். அதாவது அரை அடி. நீளம் 60 அடியும் அகலம் 20 அடியுமாயின், 60 × 20 × ½ = 600 கன அடி. 100 கன அடி ஒரு கியூப் ஆதலின், இது 6 கியூப் ஆகும்.

வெட்டி ஏற்றிய மண் தளர்ந்திருக்கும். மழை பெய்தபின் அமர்ந்து இறங்கும். ஆகவே ஐந்திலொரு பங்கு கூட்டி 720 கன அடி, ஏறத்தாழ 7¼ கியூப் வாங்குங்கள். மண் வந்ததும், இறக்குமுன் பெட்டியின் நீள, அகல, உயரங்களை நீங்களே அளந்து பாருங்கள்.

நிரப்புமுன் பழைய மேல்மண்ணை வழித்து ஒருபுறம் குவித்து, இறுதியில் மேலே பரப்புங்கள். பயிருக்கு ஊட்டமளிப்பது அம்மண்ணே. அயற்காணியின் வடிகாலை அடைத்துவிடாதீர்கள்.