விலைக்கு வாங்கும் கிட்னியும் கூடவே வரும் கிருமியும்

(கே.ஜி.கண்டிகையில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த மேடையில சேமிப்பு பத்தியும் வங்கிக் கடன் பத்தியும்தான் பேசுவோம். இந்த வருஷம் கிட்னி பத்திப் பேசச் சொன்னாங்க. காரணம் உங்களுக்கே தெரியும். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் கிட்னி வாங்கின விஷயம் வெளியே வந்தது. நம்ம பொதட்டூர்பேட்டை, அந்தப் பக்கம் ஆந்திராவில் நகரி எல்லாமே தறி ஊருங்கதான். அங்கே இருக்கிற கடன் இங்கேயும் இருக்கு.

கிட்னி விற்றவங்க பட்ட பாட்டைப் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. வாங்கினவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் அதிகமா எழுதுறதில்ல. நான் அரசு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவில் செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள். அதனால அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்றேன்.

வேற ஒருத்தரோட கிட்னியை வெச்சதும் நம்ம உடம்பு அதை அந்நியமா நினைச்சு எதிர்க்கும். அதைத் தடுக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரையை அந்தக் கிட்னி வேலை செய்யற வரைக்கும் விடாம சாப்பிடணும். முதல் சில மாசம் அளவு அதிகமா இருக்கும். நமக்கு ரெண்டு நாள் காய்ச்சலோட போற கிருமி அவங்களைப் படுக்கையில தள்ளிடும். இதனாலதான் கிட்னி கொடுக்கிறவரை முன்னாடியே அலசி ஆராய்வாங்க. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, காசநோய், இப்போ சர்க்கரை இருக்கா, முன்னே என்ன சீக்கு வந்ததுன்னு எல்லாம் கேட்பாங்க. இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. கிருமி புதுசா தொற்றியிருந்தா சில நாளோ சில வாரமோ பரிசோதனையில தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புறது கொடுக்கிறவரோட வாயிலிருந்து வர்ற உண்மைதான்.

பெத்த தாய் மகனுக்குக் கொடுக்கும்போது ஏன் மறைக்கப் போறா? காசுக்கு விற்க வந்தவங்களுக்கு "போன வருஷம் டி.பி. மாத்திரை சாப்பிட்டேன்"னு சொன்னா வியாபாரம் போயிடும். புரோக்கரும் சொல்ல விடமாட்டான். பேரும் பொய், உறவும் பொய்னு இருக்கிற இடத்துல நோய் விவரம் மட்டும் எப்படி நிஜமா இருக்கும்?

இதுக்கு நம்ம நாட்டிலேயே பழைய சாட்சி இருக்கு. 1980களில் அரபு நாட்டு நோயாளிகள் பம்பாய்க்கு வந்து, முன்பின் தெரியாதவங்க கிட்னியை விலைக்கு வாங்கிட்டுப் போனாங்க. அப்படிப் போன அமீரகம், ஓமன் நோயாளிகள் சுமார் 130 பேரை அங்குள்ள டாக்டர்கள் கவனிச்சு, 1990இல் லான்செட் இதழில் எழுதினாங்க. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருஷத்துக்குள்ளேயே இறந்துட்டார். சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. ஊருக்குத் திரும்பினப்போ பலர் கையில சரியான மருத்துவக் குறிப்புகூட இல்லை.

கிருமி கிட்னி வழியாத்தான் வரணும்னு இல்ல. ஆஸ்பத்திரியிலேயே ஒட்டிக்கும். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் மற்ற ஆராய்ச்சியாளர்களும், பெரிய பெரிய ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமிகளைப் பற்றி எழுதினாங்க. இங்கிலாந்தில் அந்தக் கிருமி இருந்த சிலர், இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய் சிகிச்சை எடுத்தவங்க. கிட்னி மாற்றிக்கிட்டவங்களும் அதுல இருந்தாங்க. நம்ம நாட்டைக் குறை சொல்லல. ஒவ்வொரு ஊர் ஆஸ்பத்திரிக்கும் அந்தந்த ஊர்க் கிருமி உண்டு. தையல் ஆறுறதுக்குள்ள விமானம் ஏறிட்டா, இங்கே இருக்கிற டாக்டருக்கு எந்தக் கிருமின்னே தெரியாம மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போ இந்த வியாபாரம் நம்ம ஆட்களையே வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது. 2016 ஜனவரியில் தெலங்கானாவின் நல்கொண்டா போலீஸார், கொழும்புக்கு ஆள் அனுப்பின ஒரு கும்பலைப் பிடிச்சாங்க. உடனே இலங்கை அரசு வெளிநாட்டவருக்கு கிட்னி மாற்றுவதை நிறுத்தி வெச்சது. 2024 மே மாதம், ஈரானுக்கு ஆள் கூட்டிட்டுப் போன புரோக்கர் ஒருவர் கொச்சி விமான நிலையத்தில் கைதானார். யாராவது "பாஸ்போர்ட் எடுத்துத் தர்றேன், செலவெல்லாம் என்னுது"ன்னு வந்தா முதல்ல கூட்டமைப்புக்குச் சொல்லுங்க.

விற்றவங்களுக்காவது கடன் அடைஞ்சதான்னா, அதுவும் இல்ல. 2001இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டாங்க. நூற்றுக்கு 96 பேர் கடனுக்காக விற்றவங்க. பெரும்பாலோர் பெண்கள். ஆனாலும் கேட்ட நாளில் நாலில் மூணு பேருக்குக் கடன் அப்படியே இருந்தது. குடும்ப வருமானமும் மூணில் ஒரு பங்கு குறைஞ்சுபோச்சு.

வீட்டில் யாருக்காவது கிட்னி பழுதானா என்ன செய்றதுன்னு கேட்பீங்க. 1994ஆம் வருஷச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் கொடுக்கலாம். மற்றவங்க கொடுக்கணும்னா அனுமதிக் குழு விசாரிச்சு ஒப்புக்கணும். காசு கைமாறினா விற்றவர், வாங்கினவர், தரகர் எல்லாருக்குமே 5 முதல் 10 வருஷம் வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். சொந்தத்தில் யாரும் பொருந்தலன்னா, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற ஆஸ்பத்திரி மூலமா டிரான்ஸ்டான் பட்டியலில் பதியலாம். காத்திருக்கணும், அது கஷ்டம்தான். டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருக்கு. காப்பீட்டு அட்டை எடுக்காதவங்க குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதாரோட வந்தா நம்ம ஊக்குநர்களே விண்ணப்பிக்க உதவுவாங்க. டயாலிசிஸ் தேவைப்படும்னு டாக்டர் சொன்னதுமே மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுக்குங்க.

பேசி முடிச்சு இறங்கினப்போ ஒரு சகோதரி ரகசியமா கேட்டாங்க, "எங்க சொந்தத்துல ஒருத்தர் வெளியூர்ல பணம் கட்டி மாத்திக்கிட்டு வந்துட்டாரு. இப்போ அடிக்கடி குளிர்காய்ச்சல். வெளியே சொன்னா மாட்டிக்குவாரோன்னு பயமா இருக்கு"ன்னு. அவங்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுறேன். இன்னைக்கே சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க. எந்த ஊரில், எந்தத் தேதியில் அறுவை நடந்தது, என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. அவருக்கு வைத்தியம் பார்க்கிறதுதான் டாக்டரோட வேலை. கடையில காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்து நாள் கடத்தாதீங்க.