வேலைதான் போனது, லைசென்ஸ் போகவில்லை!

('வேலை பறிபோன பின் தலைநிமிர முடியுமா?' என்ற தலைப்பில் ஜொகூர் பாருவில் நடைபெற்ற தொலைக்காட்சி அரங்கில், 'முடியும்' என்ற அணியில் லோரி ஓட்டுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. பதினாறு வருடமாக என்னோடு அதிகம் பேசியது லோரி எஞ்சின்தான். பாசிர் கூடாங்கில் கொள்கலன் ஏற்றி, கிள்ளான் துறைமுகத்தில் இறக்குவது என் வேலை. ஒரு விபத்து கிடையாது.

ஒரு நாள் இரவு நல்ல மழை. மாச்சாப் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லோரி பழுதாகி நிற்கிறது. நம் பையன் ஒருவன் நனைந்துகொண்டு கையைக் காட்டுகிறான். "அண்ணே, யொங் பெங் வரைக்கும் விட்டுடுங்கண்ணே" என்றான். ஏற்றிக்கொண்டேன். அரை மணி நேரப் பயணம். அதோடு மறந்தும் போனேன்.

ஆனால் லோரிக்குள் இருந்த கேமரா மறக்கவில்லை! வெளியாளை ஏற்றக்கூடாது, ஏற்றினால் வேலை நீக்கம் என்பது கம்பெனி விதி. அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. படிக்காமல் போட்ட கையெழுத்து. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. விசாரணை இல்லை, ஒரு கேள்வி இல்லை.

எதிரணி நண்பர் கேட்டார், "வேலை போனவனுக்கு மானம் எங்கே?" என்று. உண்மைதான் ஐயா. நான் மனைவியிடம் சொல்லவே இல்லை. தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அவள் கட்டிக் கொடுத்த சோற்றை வாங்கிக்கொண்டு, மாசாய் பக்கம் ஒரு மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மாலை வரை உட்கார்ந்திருப்பேன். பத்தாம் நாள் அவள் என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒம்போது நாளா கிரீஸ் வாடையே இல்லையே, என்னங்க நடந்துச்சு?"

அன்றுதான் அழுதேன். நடுவர் அவர்களே, நான் எழுந்து நிற்கத் தொடங்கியதும் அன்றுதான்.

சொசோவில் வேலை இழந்தவர்களுக்கான உதவித்தொகை 2018-இல் வந்த காப்புறுதித் திட்டத்தின்கீழ் இருக்கிறதே என்று போனேன். ஒழுங்குமீறலுக்காக நீக்கப்பட்டவர்களுக்கு அது கிடையாது என்றார்கள். தலை சுற்றியது. பிறகு தொழிற்சங்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நாட்காட்டியை எடுத்து எண்ணினார். "தம்பி, முப்பத்தொரு நாள் ஓடிப்போச்சு. அறுபது நாள்தான் கெடு!" என்றார்.

அந்தக் கெடு 1967-ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம், 20-ஆம் பிரிவில் இருக்கிறது. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். முதலில் சமரசப் பேச்சு. முடியாவிட்டால் தொழிலியல் நீதிமன்றம். 2021 முதல், சமரசம் ஆகாத மனுக்களை அமைச்சர் முடிவுக்குக் காத்திராமல் இலாகாவின் தலைமை இயக்குநரே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்.

அங்கே என்ன பார்ப்பார்கள்? 1995-இல் நம் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது இதுதான். தொழிலாளி அந்தத் தப்பைச் செய்தாரா என்பது முதல் கேள்வி. அந்தத் தப்புக்கு வேலை நீக்கம் நியாயமா என்பது இரண்டாவது. விதியை மீறினான் என்பதோடு கதை முடிவதில்லை!

ஜொகூர் பாரு அலுவலகத்தில் கம்பெனி ஆள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். நான் பொய் சொல்லவில்லை. "ஏற்றியது உண்மை. விபத்து நடந்திருந்தால் அந்தப் பையன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் பதினாறு வருடத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூடப் பெறாமல் வாழ்ந்திருக்கிறேனே" என்றேன். இரண்டாவது சந்திப்பில் மூன்று மாதச் சம்பளமும், என் சேவைக் காலத்தைச் சொல்லும் ஒரு நல்ல கடிதமும் தர ஒப்புக்கொண்டார்கள். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வழக்காடினால் கூடுதலாகக் கிடைக்கலாம் என்றார்கள். மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவு காத்திருக்காதே! ஒப்புக்கொண்டேன்.

அடுத்த கம்பெனி நேர்முகத்தில், ஏன் அங்கிருந்து வந்தாய் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். மேலாளர் சிரித்துவிட்டு, "நாளைக்கும் மழையில் ஒருத்தன் நின்றால்?" என்றார். "நிறுத்துவேன் சார். அலுவலகத்துக்குச் சொல்வேன். பிளஸ் ரோந்து வண்டி வரும்வரை குடையோடு அவன் பக்கத்தில் நிற்பேன். ஏற்ற மாட்டேன்" என்றேன். மறுநாள் சாவியைக் கொடுத்தார்.

இப்போது தஞ்சோங் பெலபாஸ் துறைமுகத்துக்குக் குறுகிய ஓட்டம். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆனால் இரவு பிள்ளைகளோடு சாப்பிடுகிறேன்.

ஓட்டுநர் தம்பிகளே, கையெழுத்துப் போடும்முன் படியுங்கள். மொழி புரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நீக்கக் கடிதம் வந்தால் அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள், அன்றிலிருந்து அறுபதே நாள். அதற்கும் முன்னால், அன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள். மரத்தடியில் நான் தொலைத்த ஒன்பது நாளை எந்த நீதிமன்றமும் எனக்குத் திருப்பித் தராது.