கேட்காமல் விட்ட கேள்வி



எங்கள் ஆதம்பாக்கத்தில், நிலமங்கை நகர்ப் பக்கம், சட்டம் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஐ.நா. சபையில் மனித உரிமை அலுவலர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய அப்பாவுக்கு ஒரே குழப்பம். "அது போலீஸ் வேலையா, வக்கீல் வேலையா, கலெக்டர் மாதிரியா சார்?" என்று என்னிடம் கேட்டார். மூன்றும் இல்லை. அந்த அலுவலர் யாரையும் கைது செய்ய முடியாது. வழக்காட மாட்டார். கையெழுத்துப் போட்டு நிவாரணம் கொடுக்கவும் வழியில்லை. பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும், எழுத வேண்டும், சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் வேலை. சப்பென்று இருக்கிறது, இல்லையா? ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1994-இல் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் நூறே நாளில் லட்சக்கணக்கான டூட்சி மக்கள் கொல்லப்பட்டார்கள். விசாரிக்க ஐ.நா. ஒரு நீதிமன்றம் அமைத்தது. தான்சானியாவின் அரூஷா நகரில் அது இயங்கியது. தாபா என்ற ஊரின் மேயர் ழான் போல் அகாயெசு குற்றவாளிக் கூண்டில். குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது. பெண்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை பற்றி ஒரு வரி இல்லை.

1997 ஜனவரியில் ஒரு பெண் சாட்சி சொல்ல வந்தார். பாதுகாப்புக் கருதி அவருக்குப் பெயர் கிடையாது, 'ஜே' என்ற எழுத்து மட்டும்தான். குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்த பலாத்காரத்தையும் சொன்னார். நீதிபதிகள் நிமிர்ந்தார்கள். துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது: முன்பு வாக்குமூலம் வாங்க வந்தவர்கள் இதைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை.

வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண், நவநீதம் பிள்ளை. பிறகு வந்த இன்னொரு சாட்சியும் இதே கொடுமையைச் சொல்ல, அந்த ஆண்டு ஜூனில் குற்றப்பத்திரிகையே திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி தீர்ப்பு. இன அழிப்புக் குற்றத்தை விசாரித்து ஒருவரைக் குற்றவாளி என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது அதுவே முதல் தடவை. பலாத்காரமும் இன அழிப்பின் கருவியாகலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டதும் அந்தத் தீர்ப்பில்தான்.

நவநீதம் பிள்ளையின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அப்பா டர்பனில் பஸ் ஓட்டினார். ஊரார் காசு சேர்த்து மகளைப் படிக்க வைத்தார்கள். 1967-இல் நேட்டாலில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தார்; வெள்ளையர் அல்லாத பெண்களில் அவர்தான் முதல். நிறவெறிச் சட்டப்படி நீதிபதியின் அறைக்குள் அவர் கால் வைக்கவே கூடாது. 1995-இல் மண்டேலா அரசு நீதிபதியாக்கியபோதுதான் முதன்முதலாக அப்படி ஓர் அறைக்குள் நுழைந்தார். அதுவும் தன் அறைக்குள். பிறகு 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை உயர் ஆணையர்.

அந்தப் பதவியில் இருந்தபோது 2013 ஆகஸ்டில் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை என்று சுற்றினார். தமிழ் வம்சாவளி என்பதாலேயே அவரை விடுதலைப் புலிகளின் கையாள் என்று சிலர் ஏசினார்கள். கொழும்பில் செய்தியாளர்களிடம் பேசியபோது அதைக் கண்டித்தார். புலிகளையும் கொலைகார அமைப்பு என்றே சொன்னார். இந்த வேலையில் இரண்டு பக்கமும் திட்டு வாங்காமல் தப்ப முடியாது. அது இருக்கட்டும். அவர் சொன்ன வேறொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். அவரைச் சந்தித்துப் பேசிய சிலரிடம், என்ன பேசினீர்கள் என்று பிறகு விசாரித்திருக்கிறார்கள்.

அலுவலர் விமானம் ஏறிப் போய்விடுவார். பேசிய அம்மா அதே ஊரில்தான் இருந்தாக வேண்டும். அதனால்தான், சாட்சி சொல்பவருக்குத் தீங்கு வரக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. 'நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாமா? அறிக்கையில் சேர்க்கலாமா? பெயரைப் போடலாமா?' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் வாங்க வேண்டும். 'காணாமல் போன மகனைக் கண்டுபிடித்துத் தருவோம்' என்பது போன்ற வாக்குறுதி எதையும் கொடுக்கக் கூடாது. கண்ணால் பார்த்தீர்களா, பிறர் சொல்லிக் கேட்டீர்களா என்பதைப் பிரித்து எழுத வேண்டும். பதிலை அவர் வாயில் நாமே திணிக்கக் கூடாது.

2014-இல் ஐ.நா. இலங்கை உள்நாட்டுப் போர்க்கால மீறல்கள் பற்றி விசாரணை தொடங்கியபோது, விசாரணைக் குழுவை அந்நாட்டு அரசு உள்ளே விடவில்லை. குழுவினர் வெளிநாடுகளில் சாட்சிகளைச் சந்தித்தார்கள். செயற்கைக்கோள் படங்களோடும் ஆவணங்களோடும் ஒப்பிட்டார்கள். 2015 செப்டம்பரில் அறிக்கை வந்தது. அதனால் யார் ஜெயிலுக்குப் போனார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், முறையாக எழுதி வைக்காத குற்றத்தை நாளைக்கு எந்த நீதிமன்றமும் எளிதில் விசாரிக்க முடியாது.

சரி, வேலைக்குப் போவது எப்படி? ஐ.நா.வின் இளநிலை அதிகாரிகளுக்கான தேர்வுக்கு வயது வரம்பு 32. எந்தெந்த நாட்டார் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும். நேரடி நியமனத்துக்கு அனுபவம் கேட்பார்கள். பயிற்சிப் பணிக்குச் சம்பளம் கிடையாது. ஐ.நா. அலுவலகம் இருக்கும் ஜெனீவாவில் சொந்தக் காசில் சாப்பிட வேண்டும். மனித உரிமை பேசுகிற இடத்திலேயே வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வாசல் எளிதில் திறக்கிறது என்பது என் மனக்குறை. இன்னொன்று: ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை. 'ஐ.நா. வேலை, முன்பணம் கட்டுங்கள்' என்று யாராவது அழைத்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

ஜெனீவா வரை போகாமலும் இந்தத் தொழிலைப் பழகலாம். 1997 முதல் தமிழ்நாட்டில் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, சென்னை கிரீன்வேஸ் சாலையில். காவல் நிலையத்தில் அடி வாங்கியவரோ அவர் வீட்டாரோ அங்கே மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அந்த மனுவை எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் தெருவில் குறைவு. 'என்னைக் கொடுமைப்படுத்தினார்கள்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், எந்த மருத்துவமனையில் காட்டினீர்கள் என்று எழுதுங்கள், மருத்துவமனைச் சீட்டின் நகலையும் வையுங்கள். தள்ளிப் போடாதீர்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் அதை விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.