கதவைச் சாத்த வேண்டாம், தங்கச்சி

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேச வந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். மலையிலிருந்து வந்து அப்போதுதான் படங்கை அவிழ்த்துப் போட்டிருப்போம். ஈரக் கம்பளி இஸ்தோப்பில் கிடக்கும். காலையில் ரொட்டி சுட்ட கல்லு அடுப்பிலேயே இருக்கும். கட்டில் நிறையப் பிள்ளைகளின் உடுப்பும் புத்தகமும். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்கும்: "வீட்டில ஆள் இருக்கா?"

உடனே நமக்கு வெட்கம் வந்துவிடும். கையில் கிடைத்ததை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம். சிலர் கதவைச் சாத்திவிட்டு, "அம்மா இல்லைன்னு சொல்லு" என்று சின்னதை அனுப்புவார்கள். அதுவும் வெளியில் வந்து, "அம்மா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிடும்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். வந்தவர் சொந்தக்காரர் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிரிக்க முடியாத ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில், தொங்கல் காம்பராவில் ஒரு தங்கச்சி இருந்தார். லயம் பார்க்கப் போன ஒரு நாளில் அவருடைய வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, "வீடு சுத்தமில்லை" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தில் எழுதினோம். எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். அதை நாங்கள் அன்றைக்கே மறந்தும் விட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அவருக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள், மருத்துவமாது படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். பதில் இல்லை. யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிவிட்டார். ஒன்பதாம் நாள் அந்தத் தங்கச்சியை நடுங்கும் காய்ச்சலோடு தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே கிருமி பிடித்திருந்தது. பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்.

பிறகு நாங்கள் பார்க்கப் போனபோது அவர் சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "ஐயா, மிஸ் வந்தப்ப நான் உள்ளுக்குத்தான் இருந்தேன். காய்ச்சல் அப்பவே லேசா இருந்திச்சு. ஆனா வீடெல்லாம் அப்படியே கிடந்திச்சு. போன தடவை நீங்க எழுதிட்டுப் போனதுக்கு லயமே சிரிச்சிச்சு. அதான் கதவைத் தொறக்கல."

நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? கதவைச் சாத்தியது அவருடைய கைதான். சாத்த வைத்தது எங்கள் புத்தகம்.

யோசித்துப் பாருங்கள். லயக் காம்பரா என்பது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. வெள்ளைக்காரன் காலத்தில் வேலையாள் படுத்தெழும்பக் கட்டியது. அதற்குள் ஐந்தாறு பேர் சமைத்து, படித்து, தூங்கி எழும்ப வேண்டும். சிலருக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. ஆனால் இன்னும் பல குடும்பங்கள் லயத்தில்தான். விடியற்காலையில் எழும்பி, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடும் பொம்பளையின் வீட்டில் பகலில் துணி குவிந்து கிடந்தால் அது குற்றமா?

துணி குவிந்திருப்பது வேறு, அசுத்தம் வேறு. மடிக்காத துணியால் யாருக்கும் வருத்தம் வராது. மூடாத குடிதண்ணீர், ஈ மொய்க்கும் சாப்பாடு, அடைபட்ட கான், மழைத்தண்ணி தேங்கும் பழைய தகரம், டயர் – இவைதான் வருத்தம் கொண்டு வரும். நேரம் இல்லாத நாளில் இந்த நாலையும் முதலில் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடுங்கள். மற்றது பிறகு. கழுவிய மாச்சாக்கு ஒன்றை ஆணியில் கொழுவி வைத்தால், கிடக்கிற துணியை அதில் போட்டுவிடலாம்.

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. பீலியில் தண்ணி எடுப்பதும் சாம்பல் அள்ளுவதும் பொம்பளை வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இரவில் இரண்டு பேரும் கால் மணித்தியாலம் கை போட்டால் வீடு வேறு மாதிரி இருக்கும்.

மருத்துவமாது பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் இரண்டு முறை வீட்டுக்கு வர வேண்டியவர். அவர் பார்க்க வருவது உங்கள் கட்டிலை அல்ல. தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, இரத்தம் கூடப் போகிறதா, பிள்ளை பால் குடிக்கிறதா, தொப்புள் காய்ந்திருக்கிறதா, உடம்பு மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார். காய்ச்சல், நாற்றத்தோடு போகும் தீட்டு, அதிக இரத்தப்போக்கு, கடுமையான தலையிடி, மூச்சுத் திணறல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கத்து வீட்டாரே, நீங்களும் கேளுங்கள். அடுத்த வீட்டுக் குப்பையைப் பற்றிப் பீலிக்கரையில் பேசாதீர்கள். பிள்ளை பெற்ற வீடென்றால் ஒரு வாளி தண்ணி கொண்டுபோய் வையுங்கள். கதவு சாத்தியிருந்தால் தட்டிப் பாருங்கள்.

கடைசியாக எங்கள் பங்கு. இனி லயம் பார்க்க வரும் நாளை முடிந்தவரை முதல்நாள் பெரட்டிலேயே சொல்லிவிடுவோம். வாசலில் நின்று கூப்பிட்டு, நீங்கள் வரச் சொன்ன பிறகுதான் உள்ளே வருவோம். குறை இருந்தால் உங்களிடம் மட்டும் சொல்வோம், ஊர் கேட்கச் சொல்ல மாட்டோம். இது தவறினால் எங்கள் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

ஆகவே, யாராவது கூப்பிட்டால், வீடு எப்படிக் கிடந்தாலும், "வாங்க, இப்பதான் மலையிலிருந்து வந்தேன், கொஞ்சம் தள்ளி வச்சிட்டு உட்காருங்க" என்று சொல்லுங்கள். சாயத்தண்ணி கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. கதவு திறந்திருந்தால் போதும்.