மறுப்பதையாவது எழுதிக் கொடுங்கள்: பேருந்து பெர்மிட்டும் சாதியும்



இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஆணவக் கொலை பற்றிப் பேசலாம், பஞ்சமி நிலம் பற்றிப் பேசலாம். பஸ் பெர்மிட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?” நியாயமான கேள்விதான். பெர்மிட் என்றதும் ஆர்டிஓ ஆபீஸ், புரோக்கர், பஸ் முதலாளி என்றுதான் நம் மனதில் ஓடும். அது ஏதோ முதலாளிகளின் சண்டை, நமக்கு அங்கே வேலை இல்லை என்று விட்டுவிடுகிறோம். நமக்கு அங்கே வேலை இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஆகாது, பயப்படாதீர்கள்.

பேருந்தில் ஏறும் உரிமைக்காக நடந்த போராட்டம் நமக்குத் தெரியும். தென் மாவட்டங்களில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய காலத்தில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மாட்டோம் என்று கம்பெனிகள் மறுத்தன. பஞ்சமர்களுக்கு இடமில்லை என்று பயணச்சீட்டிலேயே அச்சடித்திருந்ததைச் சுயமரியாதை இயக்க வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். சென்னை தியாகராயநகர் பாண்டிபஜாரில் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பாண்டி இவர்தான் என்று தெரியும்? அது கிடக்கட்டும். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து செய்யப்படும் என்று அவர் உத்தரவு போட்டார். கம்பெனிகள் இறங்கி வந்தன.

இந்தக் கதையை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதற்குள் இருக்கிற ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். சௌந்தரபாண்டியன் பஸ் முதலாளிகளின் மனதை மாற்றப் போகவில்லை. லைசென்ஸைப் பிடித்தார். 1939 மோட்டார் வாகனச் சட்டம் வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், பஸ் ஓட்டுவதற்கான லைசென்ஸில் ஜில்லா போர்டுக்கு அதிகாரம் இருந்தது. சாலை பொதுச் சொத்து, அதில் வண்டி ஓட்டிச் சம்பாதிக்க அரசின் அனுமதி வேண்டும், அனுமதி கொடுக்கிறவர் நிபந்தனை போடலாம். அவ்வளவுதான் அவருடைய வாதம். இன்னொன்றும் உண்டு. அன்று கம்பெனிகள் தங்கள் மறுப்பை மறைக்கவில்லை. சீட்டில் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். அச்சடித்த மறுப்பை எழுத்துபூர்வமான ஓர் உத்தரவால் அடிக்க முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

இருக்கை கிடைத்தது. பஸ் யாருடையது என்ற கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய சட்டத் தொகுப்புகளைப் புரட்டுகிறேன். பெர்மிட் வழக்குகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்திய நிர்வாகச் சட்டத்தின் பெரும்பகுதியைச் சென்னை மாகாணத்துப் பஸ் முதலாளிகள் தங்கள் செலவில் எழுதினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வேன். மனுதாரர்களின் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே போதும், நாயுடு, பிள்ளை, முதலியார், கவுண்டர் என்று வால் நீண்டுகொண்டே போகும். எங்கும் தென்படாதவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதில் ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். 1956இல் சென்னை அரசு ஒரு அரசாணை போட்டது, எண் 1298. பெர்மிட்டுக்குப் பலர் விண்ணப்பித்தால் யாருக்குக் கொடுப்பது என்பதற்கு மதிப்பெண் முறை. பணிமனை வைத்திருந்தால் இத்தனை மார்க், பஸ் நடத்திய அனுபவத்துக்கு இத்தனை மார்க், வழித்தடத்தில் வீடோ தொழிலகமோ இருந்தால் இத்தனை மார்க். சென்னை – கிருஷ்ணகிரி எக்ஸ்பிரஸ் வழித்தடத்தில் இரண்டே இரண்டு பெர்மிட், நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள். பி. ராஜகோபால நாயுடு என்பவருக்குப் போக்குவரத்து ஆணையம் கொடுத்ததை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பறித்து வேறு இருவருக்குக் கொடுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1964இல் தீர்ப்பு வந்தது. விண்ணப்பங்களை நீதிமன்றத்தைப் போல விசாரித்து முடிவு செய்ய வேண்டிய ஆணையத்துக்கு, இப்படித் தீர்ப்புச் சொல் என்று அரசு உத்தரவு போட முடியாது, அரசாணை செல்லாது என்றார்கள்.

நல்ல தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் பார்த்தது, இந்த மார்க்கைப் போடச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டா என்பதை. எதற்கு மார்க் என்ற கேள்விக்குள் அது போகவில்லை. பிறகு 155-ஏ என்ற எண்ணில் முறையான விதியாகவே மதிப்பெண் முறை திரும்பி வந்தது. எதற்கு மார்க்? பணிமனைக்கு. பணிமனைக்கு நிலம் வேண்டும். அனுபவத்துக்கு மார்க். அனுபவம் வேண்டுமென்றால் ஏற்கெனவே பெர்மிட் வேண்டும். சாதி என்ற சொல் அந்த விதியில் ஓரிடத்திலும் கிடையாது, தேவையும் இல்லை. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு மார்க். இப்போதுள்ள 1988 சட்டத்தின் 82ஆவது பிரிவைப் பாருங்கள். பெர்மிட் வைத்திருப்பவர் இறந்தால் வண்டிக்கு வாரிசாக வருகிறவர் மூன்று மாதம் அதே பெர்மிட்டில் ஓட்டலாம், பிறகு தன் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். பெர்மிட்டின் ஆயுள் ஐந்து வருடம், ஆனால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். காகிதத்தில் அது அரசு தரும் தற்காலிக அனுமதி. நடைமுறையில் நன்செய் நிலம் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகிறது.

இது யாருக்குமே உறைக்கவில்லையா என்றால், ஒருமுறை உறைத்தது. 1978இல் நாடாளுமன்றம் பழைய சட்டத்தின் 47ஆவது பிரிவைத் திருத்தியது. பேருந்து பெர்மிட்டுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாநில அரசு ஒரு விழுக்காட்டை ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சேர்த்தார்கள். அரசு வேலைக்கு என்ன விகிதமோ அதே விகிதம். தமிழ்நாட்டுக் கணக்கில் போட்டால் அருந்ததியர் உள்ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்கு 1. நூறு பெர்மிட்டில் 19. சட்டம் படிக்கிற தோழர்களிடம்கூட நான் இதைச் சொன்னால், “பஸ் பெர்மிட்டில் ரிசர்வேஷனா?” என்று சிரிக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்தது தோழர்களே, இன்றும் இருக்கிறது.

எப்படி இருக்கிறது என்பதுதான் வேதனை. 1988 புதிய சட்டத்தில் இது 71ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவுக்குப் போனது. போகும்போது கதவுக்கு முன்னால் இன்னும் மூன்று கதவு வைத்தார்கள். முதலில் மத்திய அரசு மாநில அரசுக்குச் சொல்ல வேண்டும். பிறகு மாநில அரசு அறிவிக்கை போட்டுப் பேருந்துகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டும். அந்த வரம்பும் 5 லட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள ஊர்களின் நகர வழித்தடங்களுக்கு மட்டும். இத்தனையும் நடந்தால்தான் இடஒதுக்கீடு. கிராமத்துச் சாலைக்கு அது எந்தக் காலத்திலும் வராது. இடஒதுக்கீட்டை ஒழிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. போராட்டம் நடந்திருக்கும். அதனால் அதை எடுக்காமல், யாரும் போகாத அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

புதிய சட்டம் தாராளமானது, யார் கேட்டாலும் பெர்மிட் கிடைக்கும், பிறகு ஒதுக்கீடு எதற்கு என்று ஒரு பதில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. 80ஆவது பிரிவு, சாதாரணமாகப் பெர்மிட்டை மறுக்கக் கூடாது என்றே சொல்கிறது. ஏற்கெனவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் புதியவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்காதே என்று வழக்குப் போட்டபோது, மிதிலேஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் அவர்களைத் திருப்பி அனுப்பியது. போட்டி வரட்டும், பயணிக்கு நல்லது என்றது. சட்டம் அங்கே நம் பக்கம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஏராளமான வழித்தடங்கள் அரசுப் போக்குவரத்துக்கான திட்டங்களுக்குள் அடங்கியவை. அங்கே அந்தத் தாராளம் செல்லாது.

உடனே உங்களில் சிலருக்கு ஒரு சங்கடம் வரும். அரசுப் பேருந்து வேண்டும் என்பவர்கள் நாம், தனியார் பெர்மிட்டுக்கு வக்காலத்து வாங்கலாமா? நான் வாங்கவில்லை. 1970களில் பெரிய கம்பெனிகளின் பஸ்கள் அரசுடைமையானதால்தான் இடஒதுக்கீட்டின் வழியாக நம் வீடுகளிலிருந்து ஓட்டுநரும் நடத்துநரும் வந்தார்கள். அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அரசுப் பேருந்து என்றாலே சாதி இறங்கிப் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். 1997இல் விருதுநகரில் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள், கலவரம் நடந்தது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. சேரனும் பாண்டியனும் போனது சுந்தரலிங்கத்தைத் தூக்குவதற்காகத்தான். சௌந்தரபாண்டியன் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் மறுத்தவனைத் தண்டித்தார். இவர்கள் மறுத்தவனுக்கு வசதி செய்து கொடுத்தார்கள்.

தனியாருக்கென்று அரசே திறந்துவிட்டிருக்கும் இடங்களும் உண்டு. அதே 1997இல் வந்த மினி பஸ் திட்டம் அப்படிப்பட்டது. பஸ் போகாத குக்கிராமங்களுக்குப் பஸ். அந்த இடத்துக்குள் யார் வருகிறார்கள் என்று கேட்பது நம் வேலை.

கள ஆய்வில் நான் சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். இருபது வருடம் அடுத்தவர் வண்டியில் டிரைவர். மனைவியின் நகை, கூட்டுறவு சங்கக் கடன், மைத்துனரின் பணம் எல்லாம் சேர்த்து மினி பஸ் எடுக்க நினைத்தார். அவர் எழுதிக் கொடுத்த வழித்தடம் ஊரின் முக்குரோட்டில் நிற்காமல், ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே காலனி வரை போய்த் திரும்புகிறது. அந்த ஒன்றரை கிலோமீட்டரைக் கர்ப்பிணிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்த்தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். என்ன கேட்டுக்கொண்டு நடப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதம். அலுவலகத்தில் ஒருநாள் “பைல் மேலே போயிருக்கு” என்றார்கள். இன்னொரு நாள் “அந்த ரூட்டில் ஏற்கெனவே பஸ் இருக்கே” என்றார்கள். பிறகு ஒருவர் அக்கறையோடு, “அண்ணே, உங்களால சமாளிக்க முடியாது, விட்டுடுங்க” என்றார். எதுவும் எழுத்தில் இல்லை.

நான் அவரிடம், மேல்முறையீடு செய்யலாமே என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: “எதை எதிர்த்துத் தம்பி?”

அதுதான் விஷயம். 89ஆவது பிரிவின்படி மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக, உங்கள் கையில் மறுப்பாணை வேண்டும். மறுப்பாணை இல்லையென்றால் மறுப்பே நடக்கவில்லை. 80ஆவது பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பெர்மிட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், விண்ணப்பித்தவர் தரப்பைக் கேட்க வாய்ப்பும் தர வேண்டும். எழுதினால் அந்தக் காரணம் நிற்காது என்று தெரிந்த இடத்தில் எழுதாமலேயே விடுகிறார்கள். “ஏற்கெனவே பஸ் இருக்கே” என்று எழுதினால், எந்தப் பஸ், எத்தனை நடை, காலனிக்குள் வருகிறதா என்று தீர்ப்பாயம் கேட்கும்.

ஆகவே முதல் சண்டை பெர்மிட்டுக்காக அல்ல, மறுப்பாணைக்காக. விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் இல்லையென்றால் பதிவுத் தபாலில் நினைவூட்டல். அதற்கும் அசையவில்லையென்றால், விண்ணப்பத்தைப் பரிசீலித்துக் குறித்த காலத்துக்குள் உத்தரவு போடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பெர்மிட் கொடு என்று கேட்கும் மனு இல்லை இது, ஏதாவது ஒரு பதிலை எழுது என்று கேட்கும் மனு. உத்தரவு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக் கெடு ஓடத் தொடங்கிவிடும், அதைத் தவறவிட்டு நல்ல வழக்குகள் செத்திருக்கின்றன. வக்கீல் தோழர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஜாமீன் மனுவுக்கு ஓடுகிற மாதிரி இதற்கும் ஓட வேண்டும்.

இன்னொரு வேலை எல்லோரும் செய்யக்கூடியது. உங்கள் மாவட்டத்தில் மினி பஸ் பெர்மிட்டுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எத்தனை விண்ணப்பங்கள் உத்தரவு இல்லாமல் கிடக்கின்றன, 71(3)இன் கீழ் அறிவிக்கை எப்போதாவது வந்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சாதிவாரிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்று பதில் வரலாம். வரட்டும், அதுவும் கையெழுத்தும் தேதியும் போட்டு வருகிற பதில்தான். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.

அந்த டிரைவர் அண்ணன் இரண்டாவது நினைவூட்டலை அனுப்பிவிட்டார். அடுத்தது ரிட் மனு. அவர் தன் விண்ணப்பத்தோடு வைத்த வழித்தட வரைபடத்தையும், தகவல் உரிமை மனுவின் மாதிரியையும் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் மேசை மேல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.